சக்கரத்தின் மேல் ஒரு சத்தியம்

படி ஏறினால் முழங்கால் சத்தம் போடுகிற வயதுக்கு வந்துவிட்டோம். நம்மில் பாதிப் பேர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிறோம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்து, இப்போது பதுளையிலும் பண்டாரவளையிலும் கொழும்பிலுமாகச் சிதறிக் கிடக்கிற என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதில் பெரிய சுவாரசியம் இருக்காது. ஒரு சைக்கிளுக்குப் பின்சக்கரம் மாற்றிய கதை, அவ்வளவுதான்.

எங்கள் தோட்டம் லுணுகலைக்கு மேலே இருந்தது. அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்றுதானே சொல்வோம். அங்கே இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுவது அவர் பொறுப்பு. நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பி ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். அதன் அடிப்பாகத்தை அமுக்கினால் டொக், டொக் என்று சத்தம் வரும். அவர் வேலை முடிந்து வருவது அவர் முகம் தெரிவதற்கு முன்பே வாசனையில் தெரிந்துவிடும். வாடின கொழுந்தும் கிரீஸும் சேர்ந்த வாசனை அது. சுற்றுகிற எதுவாக இருந்தாலும் எண்ணெய் கேட்கும் என்பது அவருடைய ஒரே கொள்கை. கதவுக் கீலுக்கு விடுவார். பக்கத்து வீட்டுக் காம்பராவின் தையல் மெஷினுக்குக் கேட்காமலே போய் விடுவார். அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது.

அந்தச் சைக்கிள் எங்களுக்கு வந்தது ஒரு தற்செயல். தோட்டத்தில் இருந்த சின்னத்துரை, அதாவது பெரிய துரைக்கு உதவியாக இருந்த இளைஞர், மாற்றலாகிப் போகும்போது தன்னுடைய மவுண்டன் பைக்கை விட்டுவிட்டுப் போனார். பங்களாவில் எதையோ பழுது பார்த்துக் கொடுத்ததற்காக அப்பாவிடம் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். கத்தரிக்காய் நிறம். கொழுக்கட்டை மாதிரி முண்டும் முடிச்சுமான தடித்த டயர்கள். கைப்பிடியில் கியர் மாற்றும் இரண்டு சிறு நெம்புகோல்கள். எங்கள் பக்கத்தில் அதுவரை இருந்தவை கணக்கப்பிள்ளையின் உயரமான கறுப்புச் சைக்கிளும், அதைப் போன்ற இன்னும் சிலவும்தான். இது வந்து இறங்கிய அன்று லயமே கூடிவிட்டது. ஆனால் ஏறி ஓட்டத்தான் ஆள் இல்லை. கியரை மாற்றினால் சங்கிலி கழன்றது, மாற்றாவிட்டால் மேட்டில் ஏறவில்லை.

அதைப் பழகியது அக்கா. அவள் அந்த வருஷம் பதினோராம் வகுப்பு முடிவில் வருகிற ஓ.எல். பரீட்சை எழுத வேண்டியவள். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க லுணுகலைக்கு இறங்க வேண்டும். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் கேட்பாரில்லை. நடந்து போனால் முதல் பாடம் முடிந்துவிடும். சைக்கிள் வந்த பிறகு அந்தக் கவலை இல்லை. போகும்போது முழுக்க இறக்கம். வரும்போது தள்ளிக்கொண்டு வருவாள். வெள்ளைச் சீருடையின் ஓரம் சங்கிலியில் மாட்டாமலிருக்கத் துணி காயப்போடுகிற மரக்கிளிப் ஒன்றால் பாவாடையைப் பிடித்து வைத்துக்கொள்வாள். அந்தக் கிளிப்பை வேறு யாரும் தொடக்கூடாது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அவள் இறங்கிப் போவதை, லயத்தின் கடைசியில் இருந்த எங்கள் தொங்கல் காம்பரா வாசலிலிருந்து தினமும் பார்ப்பேன். பொறாமையோடுதான் பார்த்தேன் என்று சொல்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை.

இனி ஆயுத பூஜை. உங்கள் தோட்டங்களிலும் இப்படித்தானே செய்திருப்பீர்கள். ஸ்டோரில் ரோதமுனிக்குப் பெரிய பூஜை நடக்கும். ரோதை என்றால் சுற்றுகிற பெரிய இயந்திரம், அது ஆளை இழுத்துவிடாமல் காவல் காக்கிற சாமி ரோதமுனி. அங்கே இயந்திரங்களைத் துடைத்து, எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அதை முடித்துவிட்டு அப்பா வீட்டுக்கு வந்து இன்னொரு பூஜை போட்டார். அம்மாவின் கொழுந்துக் கூடை, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, தன்னுடைய ஸ்பேனர்கள், எங்கள் புத்தகங்கள், நடுவில் சைக்கிள். ஸ்டோர் இயந்திரத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை சைக்கிளுக்கும் கிடைத்தது. நல்லெண்ணெயில் துணியை நனைத்து, சங்கிலி, பெடல், கம்பிகள் எல்லாவற்றையும் துடைத்தார். பிறகு இரண்டு சக்கரங்களின் வளையத்தையும் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். முகம் பார்க்கலாம் போல மின்னியது. அதன் மேல் சந்தனப் பொட்டு வரிசையாக வைத்தார். அம்மா கற்பூரம் காட்டினாள். அப்பாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு எங்கள் கல்யாணங்களில்கூட நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டு அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

ஸ்டோருக்குக் கீழே பாதை சட்டென்று வளைகிற இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. அங்கே அவளால் நிறுத்த முடியவில்லை. நேரே போனால் பள்ளம் என்று கடைசி நிமிஷத்தில் சைக்கிளை ஒரு பக்கமாக வெட்டியிருக்கிறாள். முன்சக்கரம் தப்பியது. பின்சக்கரம் மதகுச் சுவரில் போய் மோதி, அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்துவிட்டது. நானும் மற்றப் பிள்ளைகளும் ஓடிப் போனபோது அவள் பாதையோரத்தில் உட்கார்ந்திருந்தாள். உதட்டுக்குக் கீழே நாடி கிழிந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அழவில்லை.

"பிரேக் புடிச்சேன். நிக்கல" என்றாள்.

அதையேதான் டிஸ்பென்சரியில் தையல் போட்டபோதும் சொன்னாள். வீட்டுக்கு வந்தும் சொன்னாள். படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கணக்கப்பிள்ளையின் சைக்கிளில் கம்பியை இழுத்தால் பிரேக் பிடிக்கும், அந்தச் சைக்கிளை எண்ணெயில் குளிப்பாட்டியவர்களும் யாரும் இல்லை. எனவே அவள் வேகமாகப் போனாள், விழுந்தாள் என்பதுதான் தீர்ப்பு. வெளிச்சத்துக்கு வராத இன்னொரு தீர்ப்பும் இருந்தது. வயசுக்கு வந்த பெண்ணை இப்படிக் காலைப் பரப்பிக்கொண்டு ஓட்ட விட்டதே தப்பு என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பேசிக்கொண்டார்கள்.

அம்மாவின் தம்பி எங்கள் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். மாமா கெட்டவர் இல்லை. எங்களுக்கு ஒன்றென்றால் முதலில் ஓடி வருகிறவர் அவர்தான். அன்று சாயந்தரமே வந்து, அம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு, யோசனை சொன்னார். மலையில் கொழுந்து பறிக்கப் புதிதாகப் பெயர் பதிகிறார்கள், இப்போது விட்டால் அடுத்து எப்போதோ, இவளுக்கும் பதிந்துவிடலாம் என்றார். வயதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், அதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அம்மா மறுப்புச் சொல்லவில்லை. முகத்தில் தழும்போடு நிற்கிற மகளைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு, பெயரைப் பதிந்து, கூடையை மாட்டிவிட்டால் அதோடு முடிந்தது என்பது எனக்கே தெரியும். அக்கா கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா மட்டும் பேச்சில் சேரவில்லை. அவர் வாசலில் நெளிந்த சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலால் வளையத்தை ஒரு தடவு தடவினார். விரலை மூக்குக்கிட்டே கொண்டுபோனார். பிறகு இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். மாமா உள்ளேயிருந்து, என்ன மச்சான் சொல்றீங்க என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சக்கரம் வரட்டும். பொறகு பேசலாம்."

மகளின் நாடியில் தையல் போட்டிருக்கும்போது இந்த மனிதன் சக்கரத்துக்காக உட்கார்ந்து துக்கம் கொண்டாடுகிறான் என்று லயத்தில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சைக்கிள் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் என்று நினைத்தேன்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. நம் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். பெய்ய ஆரம்பித்தால் மலையே கரைந்து கீழே வருமோ என்று ராத்திரியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்போம். அந்த மழையில்தான் அப்பா சக்கரத்துக்காக அலைந்தார். முதலில் ஸ்டோரில் இரும்பு மேஜையில் வைத்துத் தட்டி நிமிர்த்தப் பார்த்தார். ஒரு பக்கம் நிமிர்ந்தால் மறுபக்கம் நெளிந்தது, கம்பிகள் படபடவென்று அறுந்தன. பிறகு யாரிடமோ கெஞ்சி ஒரு சாதாரண சைக்கிள் சக்கரத்தை வாங்கி வந்தார். அது பெரிது, சட்டத்துக்குள் நுழையவே இல்லை. லுணுகலைக் கடைக்காரர் இந்தப் பல்சக்கரக் கொத்து ஏறுகிற மாதிரிப் பின்சக்கரம் தன்னிடம் கிடையாது, பதுளையில் பாருங்கள் என்று கையை விரித்துவிட்டார்.

அதற்குள் தீபாவளி முற்பணம் வந்தது. எங்களுக்குத் துணி எடுக்க வேண்டிய பணம் அது. அப்பா அதைப் பையில் வைத்துக்கொண்டு, நெளிந்த சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பதுளைக்குக் கிளம்பினார். நான் அடம் பிடித்துக் கூடப் போனேன். அம்மா எங்களைப் பார்க்காமல் திரும்பி நின்று பாத்திரம் கழுவினாள். அவளுடைய முதுகு அவ்வளவு கோபமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பஸ்ஸில் சக்கரத்தை வைக்க இடமில்லை என்று கண்டக்டர் சண்டை பிடித்தார். கடைசியில் அப்பா அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி படிக்கட்டில் நின்றே வந்தார். பதுளையில் ரெயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு சைக்கிள் கடை. கூரையிலிருந்து சக்கரங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ரப்பர் வாசனையில் எனக்கு மயக்கமே வந்தது. கடைக்காரர் சிங்களவர். அப்பாவின் ஸ்டோர் சிங்களத்தையும் கைச்சாடைகளையும் புரிந்துகொண்டு, எங்கோ உள்ளேயிருந்து ஒரு பழைய பின்சக்கரத்தை எடுத்து வந்தார். அளவு சரியாக இருந்தது. எங்கள் நெளிந்த சக்கரத்திலிருந்து பல்சக்கரக் கொத்தைக் கழற்ற அவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து மல்லுக்கட்டினார்கள். அது கழன்று வந்ததும், கடைக்காரர் தன் விரலைப் பார்த்தார். எங்கள் நெளிந்த வளையத்தில் எண்ணெய் இன்னும் போகவில்லை. அவர் அப்பாவிடம் எதையோ கேட்டார். அப்பா பதில் சொன்னார். கடைக்காரர் சிரித்தபடி, பிரேக் கட்டை எங்கே வந்து பிடிக்கும் என்று இரண்டு விரலால் வளையத்தைக் கவ்விக் காட்டினார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. அப்பா சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது சிங்களம் தெரியாது. சக்கரத்தின் தரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கூரையில் தொங்கிய மணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது அப்பா எனக்கு ஒரு பனிஸ் ரொட்டி வாங்கிக் கொடுத்தார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை. பணம் போய்விட்ட வருத்தம் என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்ததும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். புதுச் சக்கரத்தின் வளையத்தை முதலில் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார். துடைத்தார். மறுபடியும் தேய்த்தார். துணி துவைக்க வைத்திருந்த சவர்க்காரம் கரைந்து போவதைப் பார்த்து அம்மா கத்தினாள். அவர் காதிலேயே வாங்கவில்லை. முன்சக்கரத்தையும் கழற்றி அதே மாதிரித் தேய்த்தார். பிரேக் கட்டைகளைச் சிமெந்துத் தரையில் உரசி உரசி மேல்தோலை எடுத்தார். பிறகு சங்கிலியைச் சின்னப் பல்லில் மாட்டி, சக்கரத்தை இடுக்கில் இறக்கி, நட்டுகளை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக முறுக்கினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கட்டை எங்கேயாவது உரசுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எண்ணெய்க் குப்பி அவர் பக்கத்தில்தான் இருந்தது. சங்கிலிக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு, குப்பியைத் தூக்கித் தூரமாக வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் லயத்தில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே சைக்கிளில் ஏறி, இறக்கத்தில் விட்டார். அவர் அதற்கு முன் அதை ஓட்டியதே இல்லை. மழைத் தூறலில் சாரம் பறக்க, முழங்கை இரண்டும் விரிந்திருக்க, ஒரு வயதான மனிதர் ஸ்டோரைத் தாண்டி மதகை நோக்கிப் போவதைப் பார்க்கச் சனம் வாசலுக்கு வந்துவிட்டது. மதகுக்கு முன்னால் நிறுத்தினார். இறங்கித் தள்ளிக்கொண்டு மேலே வந்தார். மூச்சு வாங்கியது. மறுபடியும் ஏறிப் போனார். மறுபடியும் நிறுத்தினார். கங்காணி மாமா தலையில் அடித்துக்கொண்டார். மகளுக்கு வாங்கினானா, தனக்கு வாங்கினானா என்று யாரோ கேட்க, அம்மா அவமானம் தாங்காமல் உள்ளே போய்விட்டாள். அக்கா வெளியே வரவே இல்லை.

மறுநாள் விடியற்காலையில் பனிமூட்டம். மாமா அன்றைக்குத்தான் அக்காவை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குக் கூட்டிப்போய்ப் பெயர் கொடுப்பதாக இருந்தது. நான் விழித்துப் பார்த்தபோது, வாசலில் அக்கா வெள்ளைச் சட்டையில் நின்றாள். பாவாடையில் மரக்கிளிப் மாட்டியிருந்தது. அப்பா அவளுடைய கையைப் பிடித்துச் சக்கரத்தின் மேல் வைத்து, மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டினாள். பிறகு அவள் ஏறிப் போய்விட்டாள்.

நான் ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். அப்பா அக்காவிடம் சக்கரத்தின் மேல் சத்தியம் வாங்கினார், இனி வேகமாகப் போகமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார் என்று. அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. மாமா வந்தபோது அம்மாவே அதைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள். பத்து வயதில் நான் கட்டிவிட்ட அந்தக் கதைதான் எங்கள் குடும்பத்தில் நிலைத்தது. அக்கா பரீட்சை எழுதினாள், பாஸ் பண்ணினாள். மேலே படித்து மருத்துவமாதுவானாள். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் அவள் கையில் பிறந்த பிள்ளைகளே இன்று கல்யாணம் முடித்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டு விசேஷத்திலும் யாராவது அவளுடைய நாடித் தழும்பைக் காட்டி, வேகக்காரி, அப்பாவிடம் சத்தியம் பண்ணிக் கொடுத்த பிறகுதானே அடங்கினாள் என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டு வடையைப் பரிமாறுவாள். அப்பா அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். அடுத்த வருஷத்து ஆயுத பூஜையில் அவர் சைக்கிளின் கைப்பிடியில் மட்டும் ஒரு பொட்டு வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டதும் எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அப்பா காலமான பிறகு சைக்கிள் பதுளையில் என் வீட்டுக்கு வந்து, பின்பக்கக் கொட்டிலில் தொங்கியது. பெற்றோலுக்கு வரிசையில் நின்று நாம் எல்லோரும் நொந்து போனோமே, அந்த நாட்களில்தான் என் வீட்டுக்காரர் அதைக் கீழே இறக்கினார். பின்சக்கரம் மறுபடியும் போயிருந்தது. இந்த முறை துருதான் தின்றிருந்தது. எங்கேயோ ஒரு சக்கரம் தேடிக் கொண்டுவந்து அவரே மாட்டினார். இதுவாவது துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று நான் ஒரு துணியில் எண்ணெய் தொட்டு வளையத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அதுல போய் எண்ணெயப் பூசுறியே, அப்புறம் பிரேக் எப்புடிப் புடிக்கும்?" என்றார் அவர்.

துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரரின் வழுக்கிய விரல்கள், கரைந்து போன சவர்க்காரம், மதகுக்கு இறங்கி இறங்கி ஏறிய சாரம் கட்டிய மனிதர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அக்கா மேல் பழி கிடக்கட்டும் என்று கடைசி வரைக்கும் விட்டிருக்கிறார். ஸ்டோரில் எண்ணெய்க்காரர் என்று பெயரெடுத்தவருக்கு, என் எண்ணெயால்தான் பிள்ளை விழுந்தாள் என்று சொல்ல நாக்கு வரவில்லை போலிருக்கிறது. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். எண்ணெய் பூசியது, பிரேக் வழுக்கியது, அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் எதையோ தாளித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்தாள்.

அப்படியானால் வேகமாகப் போகமாட்டேன் என்று எதற்குச் சத்தியம் செய்து கொடுத்தாய் என்று கேட்டேன்.

"சத்தியமா? அது நீ சொன்ன கததானே" என்றாள். "எங்கையப் புடிச்சு அந்த வளையத்துல வச்சாரு. 'காஞ்சிருக்கு, பாரு ஆயி'ன்னாரு. தொட்டுப் பாத்தேன். காஞ்சிருந்துச்சு. ஏறிப் போயிட்டேன்."